வெள்ளை மேஜையில் விழுந்த குங்குமம்

எங்கள் ஊரில் சிங்கப்பூர், துபாய் போய் வந்தவர்கள் ஒரு மாதத்துக்கு அதையேதான் பேசுவார்கள். எனக்கு பாஸ்போர்ட் கிடையாது. ஆனாலும் கெங்கவல்லிக்காரன் ஒருவன் சேலத்தையும் தாண்டி மேற்கே குமாரபாளையம் வரை போய், அங்கே பேசுகிற தமிழைப் புரிந்துகொண்டு, மூன்றாம் நாள் விடிவதற்குள் முழுசாகத் திரும்பி வந்தால் அதையும் வெளிநாட்டுப் பயணக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்கு ஒரு செல்போன் கடை. பத்தாவது வரை படித்தவன் நடத்தக்கூடிய கடை. போர்டில் அம்மன் பெயர். உள்ளே நுழைந்ததும் இடது கைப் பக்கம் ஒரு பலகை, அதில் மாரியம்மன் படம், ஒரு சின்ன விளக்கு, குங்குமக் கிண்ணம். என் கடையில் போன் வாங்கினால் பெட்டியை அப்படியே கையில் கொடுத்துவிட மாட்டேன். அம்மன் காலடியில் வைத்து, ஒரு பொட்டு வைத்து, "இதுல நல்ல சேதியே வரட்டும்" என்று சொல்லித்தான் கொடுப்பேன்.

இது எப்படி ஆரம்பித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடை திறந்த புதிதில் ஒருவர் போன் வாங்கிக்கொண்டு போனார். அவர் வீடு போய்ச் சேருவதற்குள் முதல் அழைப்பே மாமனார் இறந்த செய்தி. காரியம் முடிந்ததும் நேராகக் கடைக்கு வந்து, "ராசியில்லாத போன், மாத்திக் குடு" என்றார். மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்துதான் பொட்டு.

இந்தக் கடையைத் தங்களுடைய கடையாக மாற்றித் தரச் சொல்லி ஒரு பெரிய செல்போன் கம்பெனி கேட்டது. 'எக்ஸ்க்ளூசிவ்' என்று பெயர். அவர்கள் போன் மட்டும்தான் விற்க வேண்டும். போர்டில் அவர்கள் பெயர் பெரிதாக இருக்கும். அடியில் என் பெயர் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். சுவர் முழுக்க வெள்ளை. சுவரில் எதுவும் மாட்டக் கூடாது. எதுவும் என்றால் அம்மனும் சேர்த்துத்தான். சேலத்திலும் குமாரபாளையத்திலும் இருக்கிற கடைகளைக் காட்டுகிறோம், பார்த்துவிட்டு மூன்றாம் நாள் காலை பதில் சொல்லுங்கள் என்றார்கள். வேண்டாம் என்றால் புது மாடல் எல்லாம் எதிர்க்கடைக்குப் போய்விடும். அப்படிப் போனால் எனக்கு மிஞ்சுவது ரீசார்ஜும் உடைந்த கண்ணாடி மாற்றுவதும்தான்.

"போய்ப் பாத்துட்டு வாங்க. கையெழுத்து மட்டும் எங்கிட்ட கேக்காம போட்டுடாதீங்க" என்றாள் என் மனைவி மலர். கோயில் குங்குமத்தை ஒரு பொட்டலமாகக் கட்டி என் சட்டைப் பையில் வைத்தாள்.

முதல் நாள் ஆத்தூரில் பஸ் மாறி ஏறினேன். வாழப்பாடிக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றுவிட்டது. என்ஜின் நன்றாக இருந்தது. கண்டக்டரின் டிக்கெட் மெஷின்தான் நின்றுபோயிருந்தது. டிக்கெட் இல்லாமல் செக்கிங்கில் மாட்டினால் யார் பதில் சொல்வது என்று அவர் விசிலை ஊதி வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார். மெஷினைத் தட்டினார், ஊதினார், தொடையில் துடைத்தார். செல்போன் கடைக்காரன் என்று பக்கத்து சீட்டில் வாயை விட்டிருந்தேன். அந்த ஆள் எழுந்து, "யோவ் கண்டக்டரு, டாக்டரு இங்க குந்தினு இருக்காரு" என்று கத்தினார். மெஷினை வாங்கிப் பார்த்தேன். பேப்பர் ரோல் தலைகீழாகப் போட்டிருந்தது. திருப்பிப் போட்டதும் டர்ரென்று டிக்கெட் வந்தது. பஸ்ஸே கை தட்டியது. கண்டக்டர் மட்டும் தட்டவில்லை. எனக்கும் டிக்கெட் கிழித்தார்.

சேலத்தில் இறங்கி அம்மாபேட்டையில் ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட்டு சாப்பிட்டேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட், சட்னி. எங்கள் ஊரிலும் இப்போது போடுகிறார்கள், ஆனால் அங்கே கடித்தால் தட்டுவடை நொறுங்குகிறது, எங்கள் ஊரில் வளைகிறது.

கம்பெனியின் பெரிய ஷோரூம் ஐந்து ரோடு பக்கம் இருந்தது. எந்தக் கடைக்குள் போனாலும் வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எனக்குப் பழக்கம். குனிந்தேன். கண்ணாடிக் கதவு தானாக விலகியது. தொடுவதற்குப் படியே இல்லை. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் கால் விரலைச் சொறிந்துகொண்டு உள்ளே போனேன்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து நிவேதா மேடம் வந்திருந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். என்னோடு சேர்ந்து இன்னும் ஒரே ஒருவர்: குமாரபாளையம் நல்லசாமி. ஆறு மாதத்துக்கு முன்பே தன் கடையைக் கம்பெனிக் கடையாக மாற்றியவர். எனக்கு மாதிரி காட்டுவதற்காகக் கூட்டி வந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் "வாங்க சாமி" என்றார். பின்னால் யாராவது பெரியவர் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவர் ஊரில் பேரப்பிள்ளையும் சாமி, தாத்தாவும் சாமி, செல்போன் கடைக்காரனும் சாமி என்று அப்புறம்தான் தெரிந்தது.

"இது எங்க ஃபிளாக்‌ஷிப் ஸ்டோர். கொடிக் கப்பல்னு அர்த்தம். கப்பல் கூட்டத்துல தலைமைக் கப்பல்" என்றார் நிவேதா.

"ஏனுங்க மேடம், கப்பலுக்கும் சேலத்துக்கும் என்னங்க சம்பந்தம்? மேட்டூர் டேம்லயே பரிசல்தானுங்க ஓடுது" என்றார் நல்லசாமி.

ஷோரூம் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. என் கடையில் அந்த இடத்துக்கு மூன்று பீரோ போட்டிருப்பேன். ஒரு நீளமான வெள்ளை மேஜை. அதன் மேல் தள்ளித் தள்ளிப் போன்கள், ஒவ்வொன்றுக்கும் முதுகில் ஒரு ஒயர், கோயிலுக்கு நேர்ந்து கட்டி வைத்த கிடாக்கள் மாதிரி. வெளிச்சம் முழுக்க போன்கள் மேல்தான். நம் முகத்தில் வெளிச்சமே கிடையாது. வாசனைக்குக்கூடக் கம்பெனியே ஒரு மருந்து அனுப்புகிறதாம், எந்த ஊர்க் கடையிலும் அதே வாசனைதான் வருமாம். நான் சாம்பிராணி போடுகிறேன். அதுவும் எல்லா ஊரிலும் ஒரே வாசனைதான் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

பெட்டி திறக்கும் பாடம் வந்தது. பெட்டியை வாங்குபவர் கையில் கொடுத்துவிட வேண்டும். நாம் பேசவே கூடாது. மூடியைத் தூக்கினால் அடிப்பெட்டி மெதுவாக, தன் எடையிலேயே இறங்க வேண்டும். அதற்கென்றே அளவு பார்த்துச் செய்த பெட்டி. "அந்த சில செகண்ட்லதான் கஸ்டமருக்கு மனசு விழும் சார்" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் கோயிலில் அலங்காரம் முடியும் வரை திரை போட்டிருக்கும். ஜனம் மூச்சைப் பிடித்து நிற்கும். பூசாரி திரையை ஒரேயடியாகத் திறக்க மாட்டார். மெல்ல விலக்குவார். அந்த நேரத்தில்தான் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். இதை இந்தக் கம்பெனிக்காரர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

"இப்ப நீங்க செஞ்சு காட்டுங்க சார். நான்தான் கஸ்டமர்" என்று ஒரு பெட்டியை என் கையில் வைத்தார் நிவேதா.

அங்கேதான் தப்பு நடந்தது. பெட்டி கைக்கு வந்ததும் கை தன்பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. இடது பக்கம் திரும்பினேன். அங்கே அம்மன் இல்லை. கம்பெனியின் சின்னம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பெட்டியை அதன் காலடியில் வைத்தேன். பையிலிருந்து பொட்டலத்தைப் பிரித்தேன். "தாயே, இதுல நல்ல சேதியே வரட்டும்" என்று சொல்லிப் பெட்டிக்கு ஒரு பொட்டு வைத்தேன். ஏசிக் காற்று நேரே என் கைக்கு வந்தது. பொட்டலத்தில் மீதியிருந்ததெல்லாம் வெள்ளை மேஜையில் பறந்து விழுந்தது.

நிவேதா ஈரத் துணியை எடுத்துத் துடைத்தார். ஈரம் பட்டதும் குங்குமத்துக்குக் குஷி வந்துவிட்டது. இரண்டு முழத்துக்குச் சிவந்தது மேஜை.

"ஆரத்தி கொட்டுன மாதிரி ஆயிப்போச்சுங்க மேடம். நல்ல சகுனமுங்க" என்றார் நல்லசாமி. அது அவருக்கு உதவவும் இல்லை, எனக்கு உதவவும் இல்லை.

அந்த நேரம் கடையில் நிஜமாகவே போன் வாங்க வந்த தம்பதி ஒன்று இருந்தது. ஆட்டையாம்பட்டிக்காரர்கள். ரொம்ப நேரமாக எடுக்கலாமா வேண்டாமா என்று நின்றிருந்தார்கள். அந்த அம்மாள் என்னிடம் வந்து மெதுவாக, "எங்களதுக்கும் அப்படியே வெச்சுக் குடுங்க. பொண்ணுக்கு வாங்கறோம்" என்றார். நான் நிவேதாவைப் பார்த்தேன். நிவேதா சிவந்த துணியைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்கள். நிவேதா வெளியே போய் யாருடனோ வெகுநேரம் பேசினார். என் பதிலைக் கேட்காமலே கம்பெனி என்னை ஊருக்கு அனுப்பிவிடப்போகிறது என்றுதான் நினைத்தேன். மனசுக்குள் எதிர்க்கடையில் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது.

பிரியும்போது நல்லசாமி, "நாளைக்கு எங்கூர்ல மாரியாத்தா நோம்பிங்க. ஊட்டுக்கு வந்துறோணும்" என்றார். நோம்பி என்றால் நோன்பு என்று மொழிபெயர்த்துக்கொண்டேன். அம்மன் நோன்பென்றால் நாமும் இருப்பதுதானே மரியாதை. மறுநாள் காலையில் காபிகூடக் குடிக்கவில்லை.

இரண்டாம் நாள் குமாரபாளையத்துக்குக் கம்பெனியின் விளம்பர வண்டியில் போனோம். ஒரு சின்ன வேன். அதன் தலையில் பிளைவுட்டில் செய்த ஒரு போன், ஆள் உயரத்துக்கு மேல். வழியில் குழந்தைகள் கை காட்டினார்கள். ஆடு ஒன்று மிரண்டு ஓடியது. சங்ககிரி தாண்டி, டிரைவர் குறுக்கு வழி என்று ஒரு ரோட்டில் திருப்பினார். அங்கே ஒரு ரயில்வே பாலம். வண்டி போய்விட்டது, போன் போகவில்லை. முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நடுவில் இறுகிக்கொண்டது.

பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் பீடியை அணைத்துவிட்டு இறங்கி வந்து, பாலத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். திருச்செங்கோட்டுக்காரர்.

"ஏனுங்க, சிக்னல் கெடைக்கலீன்னு பாலத்துக்கடியில பூந்துட்டீங்களா?"

நிவேதாவுக்கு அழுகை வரும் போலிருந்தது. "அண்ணா, அந்த டிஸ்பிளே உடையக் கூடாது. நாளைக்குக் கோவைல நிகழ்ச்சி இருக்கு."

"ஒண்ணும் ஒடையாது சாமி. எத்தன இடிக்குது? நாலு வெரக்கட. நாலு டயர்லயும் காத்தப் புடுங்கி உடுங்க. வண்டி குனிஞ்சு போயிரும்."

கிழக்கத்தித் தமிழில் சொன்னால், நாலு விரல் அகலம்தான் இடிக்கிறது, டயர்க் காற்றை இறக்கினால் வண்டி தாழும், தாழ்ந்தால் போகும் என்று அர்த்தம். காற்றை இறக்கினோம். அவ்வளவு பெரிய போன் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு கீறல் இல்லாமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்குப் பிறகு டயரில் காற்று இல்லை. பஞ்சர் கடைக்காரர் வந்து சேர்ந்து, காற்று அடித்து முடிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. என் வயிற்றில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நோன்பு, நோன்பு என்று அதற்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நல்லசாமி வீட்டுக்குள் நுழைந்தால் வாழையிலை போட்டிருக்கிறார்கள். ஒப்புட்டு அடுக்கி வைத்திருக்கிறார்கள். அது எங்கள் ஊர்ப் போளி. அதன் மேல் நெய் வழிகிறது. இடியாப்பம் மாதிரி சந்தகை, தேங்காய்ப் பால், பருப்பு, அப்பளம், பாயசம்.

"இல்லீங்க, நானும் இன்னைக்கு நோன்பு" என்றேன்.

நல்லசாமியின் மனைவி கரண்டியோடு நின்றுவிட்டார். "அதுக்குத்தானுங்க ஆக்கியிருக்கறோம்."

"நோன்புன்னா சாப்பிடக் கூடாதுங்களே."

வீடே சிரித்தது. அந்தப் பக்கம் நோம்பி என்றால் திருவிழாவாம். நோம்பியன்று சாப்பிடாமல் போனால்தான் குற்றமாம். "காலையில இருந்து பட்டினியாங்க? மாரியாத்தா என்னையல்லோ கேப்பா" என்று அந்த அம்மாள் நான்கு ஒப்புட்டு வைத்தார். மொழி தெரியாத தேசத்துக்குப் போகிறவர்கள் படுகிற பாட்டை நானும் பட்டுவிட்டேன். ஆனால் நெய்யோடு பட்டேன்.

சாப்பிட்டதும் அவர் கடையைப் பார்த்தோம். வெள்ளை. சேலத்துக் கப்பலுக்குப் பிறந்த குட்டிக் கப்பல். தறிக்குப் போகிற இரண்டு பேர் கண்ணாடிக்கு வெளியே நின்று, "உள்ள வரலாமுங்களா?" என்று கேட்டார்கள். கடைக்கு வருகிறவர் அனுமதி கேட்டதை அன்றுதான் பார்த்தேன்.

"சாமி படம் எங்கீங்க?" என்று நல்லசாமியிடம் கேட்டேன்.

நிவேதா வெளியே போன் பேசிக்கொண்டிருந்தார். நல்லசாமி சுற்றிப் பார்த்துவிட்டு, சுவரில் நடிகர் போன் பிடித்துச் சிரிக்கிற விளம்பரப் பலகையை லேசாக இழுத்தார். கதவுபோலத் திறந்தது. பின்னால் முருகன், வள்ளி, தெய்வானை, ஒரு பல்பு. "காத்தால ஒருக்கா தொறந்து கும்புட்டுட்டு மூடிருவனுங்க. கம்பெனிக்கும் ஆச்சு, கந்தனுக்கும் ஆச்சு."

நிவேதா சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார். பையிலிருந்து ஒரு சுருளை எடுத்து என் கையில் கொடுத்தார். வட்ட வட்டமான சிவப்பு ஸ்டிக்கர்கள். நடுவில் உற்றுப் பார்த்தால் கம்பெனியின் சின்னம்.

"உங்க ஐடியா மேலிடத்துக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு சார். ஆட்டையாம்பட்டி கஸ்டமர் விஷயத்தைச் சொன்னேன். குங்குமம் கறை ஆகுது, அதனால ஸ்டிக்கர். சேலத்துலயே அடிச்சுட்டேன். உங்க கடையில அம்மன் படத்துக்கும் நாங்களே ஒரு மாடம் டிசைன் பண்ணித் தரோம். நீங்க பொட்டு வைக்கறத வீடியோ எடுத்துப் போடுவோம். எல்லா ஊர்க் கடையிலும் இனிமே இப்படித்தான். நீங்க சொல்ற அந்த வரியையும் எழுதிக் குடுங்க சார், டிரெய்னிங்ல சேர்க்கணும்."

அம்மன் கடையிலேயே இருப்பாள். பொட்டும் இருக்கும். புது மாடலும் எனக்கே. நான் நினைத்ததற்கு மேலேயே கிடைத்துவிட்டது. ஆனாலும் வாய் சரி என்று சொல்லவில்லை. காலையில் சொல்கிறேன் என்றேன்.

பஸ் ஏற்றிவிட வந்த நல்லசாமியிடம், பொட்டு வைக்க ஆரம்பித்த கதையைச் சொல்லி, அதைப் போய் விளம்பரமாக்குகிறார்களே என்று புலம்பினேன்.

"கோவிச்சுக்காதீங்க சாமி, ஒண்ணு கேக்கறனுங்க" என்றார். "போனத் திருப்பிக் குடுக்க வந்துருவாங்கன்னு பயந்துதானுங்களே நீங்களும் பொட்டு வெக்க ஆரம்பிச்சீங்க? அப்ப உங்களுதும் விளம்பரந்தானுங்களே. அவங்க ஸ்டிக்கர்ல பண்றாங்க, நீங்க குங்குமத்துல பண்றீங்க. ஒத்துக்கிட்டுப் போங்க."

காவிரிப் பாலத்தைப் பார்த்தபடி நின்றேன். அக்கரையில் பவானிக் கோபுரம் தெரிந்தது. அங்கிருந்தே கும்பிட்டேன். நல்லசாமி சொன்னதில் பொய் இல்லை. ஊர் வரும் வரை அந்த ஒரு கேள்வி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது: நான் கும்பிடுகிறேனா, விற்கிறேனா?

மூன்றாம் நாள் காலை கடையைத் திறந்து விளக்கேற்றினேன். பத்து மணிக்கு நிவேதா அழைப்பதாகச் சொல்லியிருந்தார். மலர் ஸ்டிக்கர் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒட்டிக்கிட்டா போவாது. அது ஒரு வசதிதான்" என்றாள். அவள் எந்தப் பக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

அப்போது படியில் ஒரு பெண் தயங்கி நின்றாள். காட்டு வேலைக்குப் போகிற பூங்கொடி. எப்போதோ ஒருமுறை ரீசார்ஜுக்கு வந்தவள். கையிலிருந்த பையை முந்தானைக்குள் மறைத்துப் பிடித்திருந்தாள்.

"என்னாம்மா?"

"கோச்சிக்காதண்ணா. உங்கிட்ட வாங்கல. எதிர்க்கடையில வாங்கினு வந்துட்டான் பையன். நாளைக்கு அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போறான். எனக்குப் பேசறதுக்கு வாங்கிக் குடுத்துட்டுப் போறான்." பையை வெளியே எடுத்தாள். "அந்தக் கடையில பொட்டு வெக்க மாட்டாங்களாம். கேட்டா சிரிக்கறாங்க. நீ வெச்சுக் குடேன். எதுனா குடுக்கணும்னாகூடக் குடுத்துடறேன்."

"ஒண்ணும் வேணாம், குடு" என்று வாங்கினேன்.

பெட்டியை அம்மன் காலடியில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. நிவேதாதான். விரலில் குங்குமம் இருந்ததால் எடுக்கவில்லை. அடித்து நின்றது. "தாயே, புள்ள வெளியூர் போறான். இதுல நல்ல சேதியே வரட்டும்" என்று சொல்லிப் பொட்டு வைத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பூங்கொடி படியிறங்கிப் போனாள். அந்தப் போன் என் கடைக்குத் திரும்பி வரப்போவதில்லை. அதில் எனக்கு ஒரு பைசா லாபம் இல்லை. அதைவிட மனசாரக் கேட்டுக்கொண்ட நாள் எனக்கு நினைவில் இல்லை. நல்லசாமியின் கேள்வி எழுந்து, தன் ஸ்டாப் வந்துவிட்டதுபோல் இறங்கிப் போய்விட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு நிவேதாவை அழைத்தேன்.

"மேடம், செவுத்துக்கு வெள்ள அடிச்சுக்கங்க. போர்டையும் மாத்திக்கங்க. பொட்டு மட்டும் கம்பெனிக்குன்னு எழுதித் தர முடியாது. யாரு எந்தக் கடையில வாங்கினு வந்தாலும் வெப்பேன்."

"வேற கம்பெனி போனுக்குமா சார்?"

"இப்பதாம்மா எதிர்க்கடையில வாங்கினு வந்த ஒண்ணுக்கு வெச்சேன்."

"அது எக்ஸ்க்ளூசிவ் ஆகாதே சார்."

"ஆகாதும்மா."

அவர் கோபப்படவில்லை. பாலத்தடியில் வண்டி மாட்டியபோது இருந்ததைவிட நிதானமாகவே இருந்தார். மேலிடத்தில் சொல்லிவிடுகிறேன் என்றார். பிறகு தயங்கி, "என் போனுக்கு ஒண்ணு வெச்சுத் தருவீங்களா சார், அந்தப் பக்கம் வரும்போது?" என்றார். தாராளமாக வாங்கம்மா என்றேன்.

புது மாடல் எதிர்க்கடைக்குத்தான் போகப்போகிறது. அது தெரிந்தும் மலர் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, சர்க்கரை டப்பாவுக்கும் உப்பு டப்பாவுக்கும் வித்தியாசம் தெரிய சர்க்கரை டப்பாவில் ஒட்டினாள்.

"அது சரி, பூங்கொடி கொண்டாந்தது எந்தக் கம்பெனி போனு?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். இரண்டு நாள் இரண்டு ஊரில் கம்பெனிப் பெயரை எப்படிக் காட்டுவது, எந்த வெளிச்சத்தில் காட்டுவது என்று பாடம் படித்தவன். பெட்டி கண் முன்னால் வந்தது. வெள்ளைப் பெட்டி. நடுவில் பொட்டு. பெயர் மட்டும் வரவே இல்லை.

"பாக்கலையே" என்றேன்.

"எப்படிப் பாப்பீங்க? பேரு மேலயே பொட்ட வெச்சுட்டீங்க" என்றாள் மலர்.